நாலாவது ஆளாக நான் போன கதை

இன்று காலையிலிருந்து வீடு முழுக்க உங்கள் வாசம். பதறாதீர்கள், நீங்கள் ஒன்றும் திரும்பி வந்துவிடவில்லை. நான்தான் தோளில் தைலத்தைப் பூசிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கற்பூர நெடி அடுப்படி வரைக்கும் போய்விட்டது.

வியாழக்கிழமை சாயங்காலமானால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவீர்களே, அதே தைலம். "இங்க இல்ல புள்ள, கொஞ்சம் கீழ... ஆங், அங்கதான்" என்பீர்கள். "அறுவது வயசுக்கு மேல இந்த ஆட்டம் தேவையா?" என்று திட்டிக்கொண்டேதான் தேய்ப்பேன். இப்போது என் தோள் பிடித்துக்கொண்டது. உங்கள் அக்காவிடம் கேட்டால், "ஆடிட்டு வந்த வலிக்கெல்லாம் நான் தேச்சுவிட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். தோசைக் கரண்டியில் துணியைச் சுற்றித் தைலத்தில் நனைத்து நானே பூசிக்கொண்டேன். சிரிக்க வேண்டாம்.

ஆமாம், போன வியாழக்கிழமை கோல்ஃப் ஆடித்தான் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. நானேதான். எப்படி என்று சொல்கிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி வேலையிலிருந்து நீங்கள் ஓய்வு பெற்ற புதிதில் என்னைப் படுத்திய பாடு நினைவிருக்கிறதா? மேற்பார்வை பார்க்க ஆபீசும் ஆட்களும் இல்லாமல் போனதால் அடுப்படிக்கு வந்துவிட்டீர்கள். அரிசி ஏன் இரண்டு டின்னில் இருக்கிறது என்று கேட்டீர்கள். தோசையைத் திருப்பும்போது பின்னால் நின்றுகொண்டு "இப்ப... இப்ப..." என்றீர்கள். தாங்க முடியாமல்தான் உங்கள் கூட்டாளி முனியாண்டியிடம் சொன்னேன். "தம்பி, ஒங்க அண்ணன எங்கயாவது கூட்டிட்டுப் போப்பா. எங்கயா இருந்தாலும் பரவால்ல." நாலு லோரி வைத்துப் பிழைத்த மனுசன், சும்மா இருப்பானா? மறு வாரமே யாரோ வீடு காலி செய்யும்போது விற்ற பழைய கோல்ஃப் மட்டைகளை ஒரு பையோடு கொண்டுவந்து இறக்கினான். "அண்ணி, இனிமே அண்ணன் ஒங்க வழிக்கு வரமாட்டாரு."

வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகப் போட்டுக்கொண்ட திடல் அது. சுற்றிலும் செம்பனை மரங்கள், நடுவில் ஒன்பது குழி. இப்போது காசு கட்டினால் யாரும் ஆடலாம். உங்கள் அப்பா அந்தத் திடலில் புல் வெட்டியவர். நீங்கள் புல்லோடு மண்ணையும் சேர்த்து வெட்டினீர்கள். அதைச் சொல்லிக் காட்டினால், "எங்கப்பா வளர்த்த புல்லுடி, எனக்கில்லாத உரிமையா?" என்பீர்கள். உங்களுக்குப் பதிலுக்கா பஞ்சம்!

நாலு பேர் ஒரு செட். நீங்கள், முனியாண்டி, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற சிவலிங்கம் சார், ஆ லெக். தோட்டத்து மளிகைக்கடைச் சீனருடைய பிள்ளை ஆ லெக். நம் லயத்து வீட்டுப் பிள்ளைகளோடு புழுதியில் விளையாடி வளர்ந்தவன், தமிழில் சண்டை போட்டால் சாரே தோற்றுப் போவார். நாலு பேருக்கும் ஒரு விசயத்தில் நல்ல ஒற்றுமை. எத்தனை அடி அடித்தோம் என்பதை ஒருவரும் உண்மையாகச் சொல்ல மாட்டீர்கள். ஒருவர் பொய்யை இன்னொருவர் மரியாதையோடு ஏற்றுக்கொள்வீர்கள்.

என்னையும் வெளியே கூட்டிப்போனீர்கள், இல்லையென்று சொல்லவில்லை. சுங்கை புரோங் போய் நெல் வயலைப் பார்த்தோம். இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிலத்துச் சொந்தக்காரர் போல நின்றீர்கள். "வீட்லயே ஒக்காந்திருந்தா காலு நடக்க மறந்துரும் புள்ள" என்றீர்கள். நல்ல பேச்சுதான். ஆனால் கோலா குபு பாருவை நான் மறக்கவில்லை. ஆற்றோரம் காற்று வாங்கலாம் என்று சொன்னீர்கள். நானும் புதுச்சேலை கட்டிக்கொண்டு, புளிச்சாதம் கிளறி எடுத்துக்கொண்டு வந்தேன். அங்கே போய்க் காரின் பின்கதவைத் திறந்தால் உள்ளே மட்டைப் பை! "ஒம்பதே ஒம்பது குழிதான், இதோ வந்துடறேன்" என்று போனவர் வெயில் சாய்ந்த பிறகு வந்தீர்கள். புளிச்சாதத்தில் பாதியைக் குரங்கு தின்றது, மீதியை நீங்கள் தின்றீர்கள். நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேருமே சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். "வியாழக்கெழமக்குள்ள வீட்டுக்கு விட்டுருவாங்க" என்று டாக்டரைவிட உறுதியாகச் சொன்னீர்கள். வியாழக்கிழமைதான் உங்களைக் கொண்டுவந்தோம். அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை, விடுங்கள்.

அதற்குப் பிறகு நான் என்ன ஆனேன் தெரியுமா? யாராவது வெளியே கிளம்பினால் சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவேன். போ என்று யாரும் சொல்லவில்லை. துணைக்கு வந்து தங்கிய உங்கள் அக்காவும் அப்படித்தானே இருக்கிறார்? உங்கள் அத்தான் போனதிலிருந்து நல்ல காரியத்துக்குப் புறப்படுகிறவர்கள் எதிரே அவர் வந்ததே கிடையாது. அவரைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் போகும் நேரம் எது என்று பார்த்து, அது முடிந்த பிறகே வாசலைப் பெருக்கினேன்.

வியாழக்கிழமைகளில் உங்கள் கூட்டாளிகள் மூன்று பேரும் வந்து நம் முன்வாசலில் உட்கார்ந்துகொள்வார்கள். ஆடப் போவதில்லை. தேநீர் குடித்துவிட்டுப் பெருமூச்சு விடுவார்கள். ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"ஏன் தம்பி, திடலுக்குப் போகலியா?"

"மூணு பேரா எப்படி அண்ணி போறது? ஆகாதுல்ல?" என்றான் முனியாண்டி.

அவனைத் தெரியாதா உங்களுக்கு? பூனை குறுக்கே போய்விட்டால் லோரியை ஓரம் கட்டிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போகிற ஆள். மூன்று பேர் சேர்ந்து போனால் காரியம் கெடும் என்று நம்மவர்கள் ஒரு கல்லை நாலாவது ஆளாக எடுத்துப் போவார்களே, அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். பெரிய ஆற்றுக்கல்லாகக் கொண்டுபோய்த் திடலில் ஓட்டுகிற பக்கி வண்டியில் உங்கள் இடத்தில் வைத்தார்களாம். மேட்டில் ஏறும்போது அது உருண்டு சார் கால்மேல் விழுந்துவிட்டது. சின்னக் கல்லாக எடுக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "அண்ணன் எடத்துக்குச் சின்னக் கல்ல எப்படி வெக்கிறது?" என்றான் முனியாண்டி. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நீங்கள் போன பிறகு அன்றுதான் முதன்முதலாகச் சிரித்தேன்.

வேறு ஆளையும் சேர்த்துப் பார்த்தார்களாம். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ஆனால் ஒவ்வொரு அடியையும் உண்மையாக எண்ணி எழுதுகிறார். "அந்த ஆளோட எப்படி அக்கா ஆடுறது?" என்று ஆ லெக் மனம் நொந்து கேட்டான். ஒரே வாரத்தில் அவரைக் கழற்றிவிட்டார்கள்.

"இனிமே மட்டைய வித்துற வேண்டியதுதான்" என்றார் சார். மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவர்களும் வராமல் போய்விட்டால் இந்த வாசலில் ஆண் குரலே கேட்காது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. என்ன தைரியத்தில் சொன்னேனோ தெரியவில்லை.

"நான் வரேன். வண்டியில சும்மா ஒக்காந்திருக்கேன். ஆள் கணக்குக்கு நாலு ஆயிரும்ல?"

முனியாண்டி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து அக்காதான் கத்தினார்.

"அடியாத்தி! என்னா பேச்சு பேசுற? ஆம்பளைங்க வெளிய கெளம்புறப்ப நாம எதிர வந்தாலே ஆகாது. நீ கூடவே போறேங்கிற! பூவும் பொட்டும் போன பொறவு இதென்னடி ஆச?"

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "கல்லுக்கு மட்டும் பூவும் பொட்டும் இருந்துச்சா? அத வண்டியில ஏத்துனாங்களே! நான் அந்தக் கல்லவிடக் கேவலமா?" என்று கேட்டுவிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

ஆ லெக்தான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "டேய் முனியாண்டி, ஒனக்கு மூணு ஆகாது. எங்க ஆளுங்களுக்கு நாலு ஆகாது, இத்தன வருசம் அத நான் சொன்னேனா? சாருக்கு ராகு காலம் ஆகாது. இப்ப இந்த அக்காவும் ஆகாதுன்னா எல்லாரும் வீட்லயே ஒக்காந்து சாவ வேண்டியதுதான் லா."

அடுத்த வியாழக்கிழமை போனேன். உங்கள் தொப்பி என் காதுவரைக்கும் இறங்கியது. முனியாண்டி மறுக்கவும் முடியாமல், நம்பவும் முடியாமல் ஒரு காரியம் செய்தான். கார்ச் சக்கரம் நாலுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியது போதாதென்று, திடலில் பக்கி வண்டிக்கும் நாலு பழம் வைத்தான். அங்கே காவலுக்கு இருந்த மலாய்க்காரப் பாக்சிக் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "இது என்ன, வண்டிக்கு மருந்தா?" என்று மலாயில் கேட்டார். "ஆமா, வயித்துவலி" என்றான் ஆ லெக்.

இரண்டு குழி வரைக்கும் பிடித்துவைத்த பிள்ளையார் போல உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது குழியில் முனியாண்டியின் பந்து மணல் பள்ளத்துக்குள் விழுந்துவிட்டது. ஆள் தெரியாத ஆழம். என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தான், 'நான் அப்பவே நெனச்சேன்' என்கிற மாதிரி. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தான். மணல்தான் முதலில் பறந்தது. பிறகு பந்து மேலே வந்து, புல்லில் உருண்டு, உருண்டு, கொடிக்கம்பைத் தொட்டுக் குழிக்குள் விழுந்துவிட்டது!

வேண்டுமென்று ஆயிரம் தடவை அடித்தாலும் விழாது என்று சார் சொன்னார். முனியாண்டி குழியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் குழியைப் பார்த்தான். "அண்ணி, எறங்காதீங்க. அப்படியே இருங்க" என்றான்.

நான் ஏன் இருக்க வேண்டும்? இறங்கி உங்கள் மட்டையை எடுத்து நானும் அடித்துப் பார்த்தேன். இரண்டு தடவை காற்றைத்தான் அடித்தேன். மூன்றாம் தடவை பட்டது. தூரம் ஒன்றும் பெரிதில்லை, நம் வாசலிலிருந்து பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போயிருக்கும். ஆனால் நேராகப் போனது. உங்கள் பந்து என்றைக்காவது நேராகப் போயிருக்கிறதா? எண்ணிக்கையை ஒன்று குறைத்துத்தான் சொன்னேன். மூன்று பேரும் மரியாதையாக ஏற்றுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து வியாழக்கிழமை தவறுவதில்லை. முனியாண்டிக்குப் பைத்தியம் வேறு பக்கம் பிடித்துக்கொண்டது. நான் எதிரே வராமல் காரை எடுக்க மாட்டேன் என்கிறான். அக்கா இதையெல்லாம் சன்னல் வழியாகப் பார்த்து முணுமுணுப்பார். விளையாட்டுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

சென்ற மாதம் முனியாண்டி தன் மகனுக்குப் பெண் கேட்கக் கலும்பாங்குக்குக் கிளம்பினான். அவன் வீட்டில் கூட்டம். உறவுக்காரர்கள், பூ, பழத் தட்டுகள். ஒத்தாசைக்கு நானும் அக்காவும் போயிருந்தோம். கிளம்பும் நேரம் பார்த்து நான் பின்கட்டுக்குப் போய்விட்டேன். கோல்ஃப் வேறு, கல்யாணக் காரியம் வேறு, எனக்குத் தெரியாதா? அக்கா எனக்கு முன்பே அங்கே கதவுக்குப் பின்னால் போய் நின்றிருந்தார்.

வெளியே ஒரே ஹாரன் சத்தம். "அண்ணி எங்க? அண்ணி எதிர வரட்டும், அப்பறந்தான் வண்டி நகரும்!"

அவன் மாமியார் ஏதோ சொல்வது கேட்டது. யாரோ அதட்டினார்கள். கடைசியில் அவன் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "வாங்கக்கா, இவரு அசையவே மாட்டேங்கிறாரு. எனக்கும் நீங்க வரணும்தான்."

அத்தனை பேர் பார்க்கத் தெருவில் இறங்கி, காருக்கு எதிரே நடந்தேன். கையில் ஒன்றும் இல்லை, வெறும் நெற்றி. முனியாண்டி காருக்குள்ளிருந்து இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். கார் திரும்பிய பிறகு அந்த இடத்திலேயே நின்று அழுதேன். பெண் வீட்டில் சரி என்று சொல்லிவிட்டார்கள். அவன் அதையும் என் கணக்கில் எழுதிவிட்டான்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அக்கா சாப்பிடவில்லை. வெகு நேரம் கழித்து, "என் மொகத்தப் பாத்துட்டு ஒருத்தரு கெளம்பிப் போயி எத்தன வருசமாச்சுடி" என்றார். பிறகு அவரே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஒங்க விளையாட்டு வண்டியில எத்தன பேரு ஒக்காரலாம்?" என்று கேட்டார். இப்போது இன்னொரு வண்டிக்குச் சொல்லிவைத்திருக்கிறோம். ஐந்து பேர் போனால் யாருக்காவது ஆகாதா என்று மூவரிடமும் கேட்டுவிட்டேன். அப்படி ஒன்றும் இல்லையாம்.

இத்தனை வருசமாகத் தினமும் விடியற்காலையில் என் முகத்தைப் பார்த்து "வரேன் புள்ள" என்று சொல்லிவிட்டுத்தானே வேலைக்குப் போனீர்கள்? ஒரு நாளாவது ஏதாவது ஆனதா? சாயங்காலம் பத்திரமாகத் திரும்பித்தானே வந்தீர்கள்? அதே முகம்தான் இது. நீங்கள் போனதும் அதை நானே கொண்டுபோய் அடுப்படியில் ஒளித்துவைத்தேன். இனிமேல் மாட்டேன்.

நாளைக்கு வியாழக்கிழமை. அக்காவை முதலில் தெருவில் இறங்கச் சொல்லியிருக்கிறேன். அவர் எதிரே வரட்டும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் கிளம்பப் போகிறேன்.