பதினேழாவது காலடி

மொன்ட்ரியால்,
ஐப்பசி 2003

அன்பின் செசிலி,

மாதா உமக்குத் துணை. நான் சுகம். உமது முழங்கால் நோவு குறைந்ததா? நான் சொல்லச் சொல்ல மருமகள் அனோஜினி எழுதுகிறாள்.

சண்டைக்காலத்தில் சேமக்காலைச் சிலுவைகளை இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள் என்றும், எங்கள் மூத்தவள் றீற்றாவைப் புதைத்த இடம் தெரியாமல் திரும்பினீர் என்றும் எழுதியிருந்தீர். அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசிப்பித்துக் கேட்டேன்.

என்னோடு துப்புரவு வேலை செய்யும் மிலோவன் சேர்பியா நாட்டுக்காரர். ஞாயிறன்று வீட்டுக்கு வந்து ஒரு படம் காட்டினார். அவருடைய சின்னக் கிராமத்தில் ஆற்றங்கரையைத் தோண்டினார்களாம். ஏழாயிரம் வருடத்துக்கு முந்திய வீடு ஒன்று வந்ததாம். அடுப்படியில் ஒரு பிள்ளையின் எலும்பு, பக்கத்தில் ஒரு மண்சட்டி.

"அந்தக் காலத்தில எழுத்தே இல்லையாம், மாமா," என்றாள் அனோஜினி.

"அப்ப எல்லாரும் என்னை மாதிரி ஆக்கள்தான்," என்றேன். அவள் பிரெஞ்சில் சொல்ல, மிலோவன் என் முதுகில் தட்டிச் சிரித்தார்.

அந்தப் பிள்ளையே கிடைத்திருக்கிறது, செசிலி. எங்களுடையவள் எங்கே போவாள்? கோயில் கிணற்றுக் கட்டில் முதுகை வைத்து, கடலைப் பார்த்து நேரே நடவும். பதினேழாவது காலடியில் நின்று, ஒரு மண்சட்டியைப் பாதி புதைத்துவிடும். கிணற்றுத் தண்ணீர் இன்னும் நல்ல தண்ணீர்தானா என்றும் எழுதும்.

அனோஜினி வேலைக்குப் போகவேண்டும், நிறுத்துகிறேன். பதினேழு என்னுடைய காலடி. உமக்கு இருபத்திரண்டு வரும். அன்றைக்கு உம்மைத் தாங்கிக்கொண்டு நடந்தபோது எண்ணினேன்.

உம்முடைய
சூசைமுத்து