போனுக்கே வழி

வள்ளியூர்

அன்புள்ள அத்தான்,

நீங்கள்தான் போனை எடுப்பதில்லையே. அதனால் குவைத்துக்குத் திரும்பும் பெருமாள்ராஜ் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்று சண்டைக்கு நடுவில் நான் போனை வைக்கவில்லை. லைன்தான் கட் ஆகிவிட்டது. ஏன் என்று இன்று தெரிந்தது.

இடிக்குப் பயந்து உங்கள் அம்மா ரூட்டரை இரும்பு பீரோவுக்குள் வைத்திருந்தார்கள். நெட்டைச் சரிபார்க்க வந்த இசக்கிமுருகன், "இதுக்குள்ள வச்சா சிக்னல் எங்கன கூடி வெளிய வரும்?" என்று சிரித்துவிட்டு, அதை எடுத்து ஹாலில் மாட்டினான்.

பிறகு, "டிவியும் போனும் இதே நெட்டுலதான் ஓடுது. எதுக்கு முதல்ல வழி விடணும்?" என்று கேட்டான். அது சீரியல் நேரம். உங்கள் அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்கள்: "போனுக்கே விடுலே. சீரியலு நின்னு நின்னு வந்தாலும் பாத்துக்கிடுதேன். இவ மூஞ்சியத்தான் பாக்க முடியல."

சோதிக்க என் தங்கையைக் கூப்பிட்டு நெடுநேரம் பேசிப் பார்த்தேன். ஒரு சொல் விடுபடவில்லை.

கூப்பிடுங்கள். பாதியில் நின்ற சண்டையை முழுதாகப் போட்டு முடித்துவிடுவோம். இனி நடுவில் கட் ஆனால், வைத்தது நீங்கள்தான்.

இப்படிக்கு,
போனை வைக்காதவள்