சின்னவள் கத்தினாள், அப்பா

மெல்லிய குரலில் பேசியே காலத்தைக் கழித்த என் அன்பு அப்பாவுக்கு,

நம் சின்னவள் நேற்று கத்தினாள். சும்மா இல்லை அப்பா, கோவில்பட்டி மைதானமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? கேட்டால் சிரிப்பார்கள். உங்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

நீங்கள் கண்மூடிய பிறகுதான் அவள் பள்ளிக்கூட ஹாக்கி அணியில் கோல்கீப்பராகச் சேர்ந்தாள். பந்து மேலே பட்டாலும் முனக மாட்டாள். ஆனால் கோல்கீப்பர் பின்னால் நின்று மற்றப் பிள்ளைகளுக்குக் குரல் கொடுக்க வேண்டுமாம். அது அவளுக்கு வரவேயில்லை. போன வாரம் விளையாட்டு டீச்சர் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"ஒங்க தங்கச்சி பந்தெல்லாம் நல்லாத்தான் தடுக்கா. ஆனா வாயத் தொறக்க மாட்டேங்காளே! இந்த மேட்சுலயும் இப்படி நின்னான்னா வேற பிள்ளையத்தான் போடணும். நான் என்ன செய்யட்டும்?"

அவள் வளர்ந்த இடம் அப்படி. பத்துக்குப் பத்து அறை. பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் நடுவே ஒற்றைச் சுவர், அதுவும் கூரையைத் தொடாது. "மெல்லக் கதையுங்கோ பிள்ளையள், நாங்கள் அகதியாய் வந்த சனம்" என்று சொல்லியே வளர்த்தீர்கள். கடல் கடந்து வந்தது நீங்கள்தானே அப்பா, நாங்கள் இந்த முகாமில்தானே பிறந்தோம்? சண்டையைக்கூடக் கிசுகிசுத்தே போட்டோம். சத்தம் வராமல் அழ எனக்கு நாலு வயதிலேயே தெரியும். "முகாம் பிள்ளைக தங்கம், இருக்க எடமே தெரியாது" என்று பள்ளியில் சொன்னபோது உங்களுக்கு எவ்வளவு பெருமை! கோபப்படாதீர்கள், அது பெருமைப்படுகிற விஷயம்தானா?

நேற்று தையல் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு ஆட்டம் பார்க்கப் போனேன். முடிய இன்னும் சில நிமிடம்தான். எதிரணிப் பிள்ளை ஒருத்தி இடப்பக்கமாகப் பந்தோடு பாய்ந்து வருகிறாள், நம் பிள்ளைகள் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. அப்போதுதான் கேட்டது.

"இடப்பக்கம் வாறாள்! விடாதை, மறி! மறியடி!"

பள்ளியில் மறந்தும் பேசாத நம் வீட்டுத் தமிழ்! என்ன குரல் அப்பா அது! அந்தச் சின்ன உடம்பில் இத்தனை காலம் இதை எங்கே வைத்திருந்தாள்? ஒரு பிள்ளை ஓடிவந்து பந்தை மறித்தாள். டீச்சர் கோட்டுக்கு வெளியே நின்று குதித்தார். "அப்படிக் கத்துட்டி என் ராசாத்தி! இனிமே நீதான் கோல்கீப்பர்!"

சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் அவள் ஓயவில்லை. அதே குரலில் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டேயிருந்தாள். "மெல்ல" என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் பக்கத்து வீட்டு ராசம்மா மாமி சுவரைத் தட்டினார். இரண்டு பேரும் கப்பென்று அடங்கிப்போனோம்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டாய்? பிறகு என்ன நடந்தது? சொல்லு, இங்க எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறம்!"

சின்னவள் என்னைப் பார்த்தாள். பிறகு கட்டில்மேல் ஏறி நின்று, முதலிலிருந்து தொடங்கினாள்.

இனி நான் அவளை அடக்க மாட்டேன் அப்பா, இது சத்தியம். எனக்கும் அப்படி ஒரு குரல் இருக்கிறதா என்று ஒரு நாள் பார்க்கப் போகிறேன். வாய்விட்டுக் கூப்பிடப் போவது முதலில் உங்களைத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்