ஒரே படத்தில் விரிசலும் மேடும்

ஜூன் 4

ஆட்டோஃபோகஸ் லென்ஸ் உயிரை விட்டுவிட்டது. காலையில் ஸ்டுடியோவுக்கு வந்த முதல் ஆளின் மூக்கைத் தேடி முன்னும் பின்னும் ஓடியது, முனகியது, நின்றது. பீரோவிலிருந்து பழைய 28 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்து, இடையில் ஒரு இணைப்பு வளையம் போட்டு மாட்டினேன். எல்லாம் கையால் திருப்ப வேண்டும். முகம் எடுக்க ஆகாது. மூக்கு பூசணிக்காய் ஆகிவிடும். ஆனால் அக்கா வீட்டு விஷயத்துக்கு இதுதான் தோது.

ஜூன் 7

அக்கா வீட்டுச் சமையலறையில், சன்னல் மூலையிலிருந்து கூரைவரை விரிசல். என் சுண்டுவிரல் நுழைகிறது. சன்னலுக்கு வெளியே, குவாரிக் கழிவைக் கொட்டிக் கொட்டி வளர்த்த மேடு. போன வருஷம் சன்னலின் அடிக்கட்டை அளவுக்கு இருந்தது, இப்போது பாதிக்கு மேல் ஏறிவிட்டது. மேட்டின் வயிற்றில் குறுக்காக ஒரு பிளவு வேறு.

விரிசலைத் தனியாக எடுத்துக் கொடுத்தால் கலெக்டர் ஆபீஸில் பழைய வீடு என்கிறார்கள். மேட்டைத் தனியாக எடுத்துக் கொடுத்தால் வீடு எங்கே என்கிறார்கள். இரண்டும் ஒரே படத்தில், இரண்டும் தெளிவாக வேண்டும். அதற்குத்தான் ஹைப்பர்ஃபோகல். லென்ஸ் துவாரம், அதாவது அப்பெர்ச்சர், 8. தூர வளையத்தைத் திருப்பி, முடிவிலிக் குறியை லென்ஸில் செதுக்கியிருக்கும் 8-க்கு நேரே நிறுத்த வேண்டும். ஒன்றரை மீட்டர் சொச்சத்திலிருந்து அடிவானம்வரை எல்லாம் தெளிவு – அப்படித்தான் லென்ஸ் சொல்கிறது. தெருவில் நின்று எடுக்கக் குவாரி வாட்ச்மேன் விடமாட்டான். அடுப்போரம் நின்று எடுத்தேன்.

ஜூன் 10

மனுப் பிரிவு அதிகாரி பிரிண்டை வாங்கி, கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார்.

"விரிசல் தெரியுது. பின்னாடி இருக்கறது மேடாம்மா, மேகமா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். சிரிக்கட்டும். பிளவு கரைந்துபோயிருந்தது உண்மைதான். கேமராவின் சின்னத் திரையில் நன்றாகத்தானே இருந்தது?

ஜூன் 12

தூறல். அக்காவுக்குப் போன் செய்தேன். "இன்னும் நிக்குது" என்றாள். மேட்டைச் சொன்னாளா, வீட்டையா?

ஜூன் 15

பிடிபட்டுவிட்டது. மொட்டைமாடியில் நின்று தெருவிளக்குக் கம்பங்களை மாற்றி மாற்றி எடுத்தேன். லென்ஸில் பொறித்திருப்பது ஃபிலிம் காலத்துக் கணக்கு. என்னுடையது கிராப் சென்சார், ஃபிலிமைவிடச் சின்னது. அதே அளவு பிரிண்ட் போட இன்னும் அதிகமாகப் பெரிதாக்க வேண்டும். கூடவே மங்கலும் பெரிதாகிறது. ஆகவே அப்பெர்ச்சர் 8-லேயே இருக்கட்டும், முடிவிலியை 5.6 குறிக்கு நேரே வைக்க வேண்டும். வைத்துப் பார்த்தேன். கடைசிக் கம்பத்தின் நம்பரைப் படிக்க முடிந்தது.

ஒரு சங்கடம். இப்படி வைத்தால் கிட்டத்துத் தெளிவு இரண்டரை மீட்டரில்தான் தொடங்கும். அக்காவின் சமையலறை மொத்தமே அவ்வளவு இல்லை.

ஜூன் 21

சமையலறைக்குப் பின்னால் படுக்கையறை; அங்கிருந்து கதவு வழியே எடுத்தால் தூரம் போதும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாமா மதியத் தூக்கத்தில் இருந்தார். அக்காவின் வீட்டுக்காரர், அதே குவாரியில் டிப்பர் ஓட்டுகிறார். அக்கா ஓசைப்படாமல் கதவைத் திறந்தாள். கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் அரிசி டப்பாவைக் கவிழ்த்து, கேமராவை வைத்தேன். ட்யூப்லைட் போட்டோம். வெளியே மேகம் மூடியிருந்ததால் வெளிச்சம் ஒத்துப்போயிற்று.

கிளிக் சத்தத்தில் மாமா எழுந்துவிட்டார்.

"என் சோத்துல மண்ணள்ளிப் போடவா வந்த? அந்த மேட்டுல கொட்டுறதே நான்தான்."

"தெரியும் மாமா."

"இது வெளிய போனா நாளைக்கு எனக்கு வேலை இருக்குமா?"

அக்கா குறுக்கிட்டாள். "அது விழுந்தா நீங்க இருப்பீங்களா?"

மாமா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு காட்டச் சொன்னார். பெரிதாக்கிக் காட்டினேன். பிளவின் அடியில் நீர் கசிந்திருக்கும் கறைகூடத் தெரிந்தது.

"மேல வண்டில இருந்து பாத்தா இது தெரியல" என்றார். கொண்டுபோ என்றும் சொல்லவில்லை, அழித்துவிடு என்றும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 24

கொடுத்தேன். அதிகாரி இந்த முறை கையை நீட்டவில்லை, கிட்டத்தில் வைத்தே பார்த்தார். "எல்லாம் தெளிவா இருக்கு. இன்ஜினியரை அனுப்பச் சொல்றேன்."

வெளியே வந்து டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது.

ஜூன் 29

இன்ஜினியர் வரவில்லை. படம் குவாரி ஆபீஸுக்குப் போயிருக்கிறது. யார் கொடுத்தது? சன்னல் கம்பியின் வளைவு, அதில் மாட்டியிருந்த கரண்டி, சுவரின் பச்சை – எல்லாம் அப்பட்டமாக இருக்கிறது. யார் வீடு என்று விசாரிக்கவே வேண்டியதில்லை. மாமாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

முதல் படத்திலும் சன்னல் தெளிவுதான். அதை யாரும் சட்டை செய்யவில்லை. மேடு தெரிந்த பிறகுதான் சன்னல் யாருடையது என்ற கேள்வி வந்திருக்கிறது.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 3

விழுந்துடுச்சு. ராத்திரி பூரா மழை, காலைல சரிஞ்சுடுச்சு. அக்கா தையல் கம்பெனில இருந்தா. மாமா வீட்ல. வேலை இருந்திருந்தா இந்நேரம் வண்டில இருந்திருப்பாரு. நான்தான – இல்ல. தெரியல. எழுத வரல.

ஜூலை 4

எங்கே தோண்டுவது என்று மீட்புக்காரர்களுக்குப் புரியவில்லை. வீடுகள் நின்ற வரிசையே இல்லை, ஒரே சாம்பல் நிறச் சேறு. அக்கா ஓரிடத்தைக் காட்டினாள், பிறகு வேறிடத்தைக் காட்டினாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

ஓடிப்போய்ப் பிரிண்டை எடுத்துவந்தேன். படத்தில் சன்னலின் இடது ஓரத்துக்குப் பின்னால், தூரத்தில், கல் உடைக்கும் யந்திரத்தின் கோபுரம். வலது ஓரத்துக்குப் பின்னால் மின்கம்பிக் கோபுரம். இரண்டும் இன்னும் நின்றன. குழுத் தலைவர் படத்தைக் கண்ணெதிரே பிடித்துக்கொண்டு சேற்றில் இப்படியும் அப்படியும் நகர்ந்தார். இரண்டு கோபுரங்களும் படத்தில் இருப்பதுபோல வந்ததும் காலை ஊன்றி நின்றார். அன்று கேமரா இருந்த கட்டிலோரம் அதுதான்.

"இங்க தோண்டுங்க."

மாமா மாலையில் கிடைத்தார். உயிர் இல்லை.

ஜூலை 13

ஸ்டுடியோவைத் திறந்தேன். ஒருவர் வந்து பாஸ்போர்ட் படம் கேட்டார். கேமரா ரிப்பேர் என்றேன்.

ஆகஸ்ட் 6

அக்கா என்னோடுதான் இருக்கிறாள். இன்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். நான் அந்தப் படத்தை எடுக்காமல் இருந்திருந்தால்?

"அவரு வண்டில இருந்திருப்பாரு. வண்டி மேட்டு மேல நின்னிருக்கும். மேடு விழாமயா இருந்திருக்கும்?" தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "இன்னொரு தடவ இதக் கேக்காத."

செப்டம்பர் 13

குவாரி மறுபடி ஓடுகிறது. கழிவை இப்போது கிழக்குப் பக்கம் கொட்டுகிறார்கள். அங்கேயும் கீழே வீடுகள். நான் சொல்லவில்லை, அக்காவே கிளம்பி, கேமராவை எடுத்து என் தோளில் மாட்டினாள்.

தெருவில் யாரும் உள்ளே விடவில்லை. சிலர் கதவையே திறக்கவில்லை. வரிசையின் கடைசி வீட்டில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் சுவரில் மெல்லிய கோடு தெரிந்தது.

"வேணாங்க. எங்க வீட்டுக்காரர் அங்கதான் வண்டி ஓட்டுறாரு."

"எங்க வீட்டுக்காரரும் அங்கதாம்மா ஓட்டினாரு" என்றாள் அக்கா.

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வழிவிட்டாள்.