எதிர்ப்பக்கம் நிறுத்தாதவன்

இன்று காலை நிலையத்தில் புதிய சிவப்பு விளக்குத் தடிகளைக் கொடுத்தார்கள். உறையைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை. நீ இருந்திருந்தால் அங்கேயே அமுக்கிப் பார்த்து, "இன்னாடி, பேட்டரி பழசு மாதிரி கீது" என்றிருப்பாய்.

உனக்கு எதிலும் சந்தேகம். ஒரே நாளில் போக்குவரத்துக் காவலுக்கு வந்தவர்கள் நாம். ஒரகடம் கூட்டுச்சாலையில் எதிரெதிரே நின்றவர்கள். கையை உயர்த்தினால் லாரி நின்றுவிடும் என்று நான் நம்புவேன். நீ ஓட்டுநரின் முகத்தையே பார்க்க மாட்டாய், முன் சக்கரத்தைத்தான் பார்ப்பாய். "மூஞ்சி நிக்கும்டி, வண்டி நிக்காது" என்பாய். டீக்கடைப் பாலையும் முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பாய். சில நாள் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்த மார்கழிக் காலையை மறந்திருக்க மாட்டாய். உன் ஸ்கூட்டரில் டியூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தோம். பனி விலகவில்லை. வாலாஜாபாத் சாலையில் ஏரிக்குப் போகும் மண்பாதை பிரியும் இடத்தில், ஒளிரும் மேல்சட்டை போட்ட ஒருவன் சிவப்புத் தடியை ஆட்டி, ஒரு கண்டெய்னர் லாரியை வலப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தான். தொப்பி, விசில் எல்லாம் இருந்தன. ஊர்க்காவல் படை ஆள் என்று நினைத்தேன். நீ பிரேக் பிடித்தாய்.

"எதிர்ப்பக்கம் வர்ற வண்டிய நிறுத்தாம எவன்டி லாரியத் திருப்புவான்? அந்தப் பக்கம் பாக்கக்கூட இல்ல பாரு."

இறங்கி நேராக அவனிடம் போனாய்.

"எந்த ஸ்டேஷன்பா நீ?"

"ரோடு வேல நடக்குது மேடம். கம்பெனி ஆளு."

"இன்னா கம்பெனி? சூப்பர்வைசர் பேரச் சொல்லு."

தடியைப் போட்டுவிட்டு மண்பாதைக்குள் ஓடினான். முள்மரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. லாரியை உள்ளே மடக்கிச் சரக்கைப் பறிக்க ஆள் காத்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குள் பாதி திரும்பிய லாரி எதிர்ப்பக்கச் சாலையை அடைத்து நின்றது. பனிக்குள்ளிருந்து தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் ஒரு ஷிஃப்ட் பஸ் வந்துகொண்டிருந்தது. நீ அவன் போட்ட தடியையே எடுத்துக்கொண்டு ஓடினாய். நடுச்சாலையில் நின்று, தடியைக் குறுக்காகப் பிடித்து, இடது உள்ளங்கையை பஸ்ஸுக்கு நேரே நீட்டினாய். அது உனக்குக் கொஞ்சம் முன்னால் குலுங்கி நின்றது. தூக்கத்திலிருந்த பெண்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். நான் விசிலடித்து லாரியைப் பின்னால் எடுக்க வைத்தேன்.

லாரிக்காரத் தம்பி தெற்கத்திக்காரன். கீழே இறங்கி வந்தான். "போலீஸுன்னு நெனச்சுல்லா திரும்புனேன், அக்கா."

"போலீஸா இருந்தாலும் கொஞ்சம் யோசிப்பா" என்றாய்.

வாக்கி-டாக்கியில் சொன்னோம். படப்பை தாண்டுவதற்குள் வேன் சிக்கிவிட்டது.

இப்படிப்பட்ட நீ, நெஞ்சு வலித்த அன்று மட்டும் ஏன் நம்பினாய்? "வாயுடி. சோடா குடிச்சா சரியாப் பூடும்" என்று சிரித்தாய். வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

போன மாதம் நம் ஏட்டு கூட்டுச்சாலையில் நின்றபடி இடது தோளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. "ஒண்ணும் இல்லம்மா, வெயிலு" என்றார். அவர் என்னைத் திட்டத் திட்ட ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். இதயக் குழாயில் அடைப்பு இருந்தது, பிழைத்துக்கொண்டார். அவர் மனைவி ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உனக்கு எப்பிடிம்மா தெரிஞ்சுது?"

"தெரியாதுக்கா. அவரு சொன்னத நம்பல, அவ்ளோதான்."