ஒன்றும் எடுப்பதில்லை என்று எழுதச் சொன்னார்கள்

மார்ச் 4, திங்கள்

மறுபடியும் நிராகரிப்பு. போனை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டால் எங்கள் கம்பெனி ஆப்பின் மாத்திரை அலாரம் அடிப்பதில்லை. அதைச் சரிசெய்து அனுப்பினால், ஆப் ஸ்டோர்க்காரர்களுக்கு வேறு கவலை. வெளியாட்கள் எழுதிய நிரல்களை, லைப்ரரி என்போமே, ஆப்பில் சேர்த்திருக்கிறோம். அவை ஒவ்வொன்றும் பயனரின் எந்தெந்த விவரத்தை எடுக்கிறது என்று அறிவிப்பு வேண்டுமாம். எவனோ எழுதியது. அவன் உள்விவகாரம் எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணனுக்குப் போன வாரம் இப்படித்தான் ஒரு வேளை தவறியது. வலிப்பு மாத்திரை. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அவனுக்கு வலிப்பு இருப்பது அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். வேலை பார்க்கும் செருப்புக்கடையில் மூச்சு விட்டதில்லை. "உன் ஆப்தானே, ஒழுங்கா அடிக்க வை" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 6

சில லைப்ரரிகளின் புதுப் பதிப்பில் அறிவிப்பு இருக்கிறது. மகராசர்கள். ஒருவனுக்கு மெயில் மேல் மெயில் போட்டேன் — கிணற்றில் போட்ட கல். அவனுடையதை நானே வரிவரியாகப் படித்து எழுதினேன்.

மார்ச் 7

திரும்பவும் நிராகரிப்பு! அறிவிப்புக் கோப்பை எழுதியவள், அதை ஆப்போடு சேர்த்துக் கட்ட மறந்துவிட்டேன். அது என் கணினியிலேயே சுகமாக உட்கார்ந்திருக்கிறது. நானும் ஒரு எஞ்சினியர்!

மார்ச் 8

கடைசி ஒன்று பாக்கி. ஆப் முடங்கினால் எங்களுக்குச் சேதி சொல்லும் லைப்ரரி.

"ஒண்ணும் எடுக்கறதில்லன்னு போட்டு அனுப்பும்மா. யாரு உள்ள போய்ப் பாக்கப் போறா?" என்றார் மேனேஜர்.

நான் போய்ப் பார்த்தேன். முடங்கும்போது திரையில் உள்ள எழுத்தெல்லாம் அவர்கள் சர்வருக்குப் போகிறது. எங்கள் திரையில் என்ன இருக்கும்? மாத்திரையின் பெயர். சாப்பிடுகிறவர் பெயர்.

அடப்பாவிகளா.

அண்ணன் போனில் எத்தனை தடவை முடங்கியதோ!

மார்ச் 11

இந்த லைப்ரரியைத் தூக்கிவிடலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். "அது இல்லேன்னா ஆப் எங்க படுத்துச்சுன்னே தெரியாது. அடுத்த ரிலீஸ்ல பாப்போம்" என்றார். சரி, அதுவரை உள்ளதை எழுதுகிறேன் என்றேன். "ஸ்டோர் பக்கத்துல அது தெரியும்மா. ஒருத்தன் இறக்க மாட்டான்!"

எனக்கு வந்ததே கோபம். "அப்ப நீங்களே பொய்ய டைப் பண்ணுங்க சார். என் கையால மாட்டேன்" என்று கீபோர்டை அவர் பக்கம் தள்ளினேன். "அனுப்பித் தொலை" என்று எழுந்து போனார். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன்.

மார்ச் 12

ஏற்றுக்கொண்டார்கள். இனி அலாரம் அடிக்கும்.

மார்ச் 13

புதுப் பதிப்பை இறக்கிக்கொள் என்று அண்ணனிடம் சொன்னேன். இறக்கப் போனவன் ஸ்டோர் பக்கத்தைப் படித்திருக்கிறான்.

"உடல்நல விவரம் வெளியே போகுதுன்னு போட்டிருக்கே. நீதான் எழுதினியா?"

"ஆமாண்ணா."

"நிஜமா?"

"நிஜம்தான்."

"ரொம்ப நல்லாருக்கு. கடையில வாயப் பொத்திக்கிட்டு இருக்கேன், போன் ஊர் பூரா சொல்லுதா?"

ஆப்பை அழித்துவிட்டான். நான் என்ன செய்வது? பொய் எழுதியிருந்தால் வைத்திருப்பான். அலாரமும் அடித்திருக்கும். இதற்குத்தானா இத்தனை பாடு?

மார்ச் 27

லைப்ரரியை இன்னும் எடுக்கவில்லை. கேட்டால் அடுத்த ரிலீஸ் என்கிறார் மேனேஜர்.

காலை எட்டு மணிக்கு அண்ணனுக்குப் போன் செய்தேன், அவன் ஆப்பை அழித்ததிலிருந்து தினமும் செய்வது போல. "முழுங்கிட்டேன் தாயே. போன ஞாயித்துக்கிழமை போன் பண்ண மறந்த மாதிரி நாளைக்கும் மறந்துடாத, நான் உன்னத்தான் நம்பிட்டிருக்கேன்."