மலையேறும் கட்டில்

அடி அண்ணாமலை
14-06-2025, சனிக்கிழமை, காலை 6.40
அப்பாவின் எடை: 41 கிலோ 300 கிராம்

அக்கா வினோதினிக்கு,

பிரசாத் எழுதுகிறேன். நலம் விசாரிப்பதையெல்லாம் நாளை நேரில் வைத்துக்கொள்வோம். நான் கூப்பிட்டால் மட்டும் உன் போனுக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால் ஜவ்வாது மலைக்குக் காய்கறி ஏற்றிவரும் சக்கரபாணி மாமாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள் என்று போன மாதம் கேட்டதற்கு, "எங்க பாதையில ஆம்புலன்ஸே ஏறாதுடா, கல்லும் பள்ளமும்" என்றாய். டூரிஸ்ட்டுகள் மட்டும் எப்படியோ ஏறிவந்து உன் கூடாரங்களில் தங்குகிறார்கள், அது போகட்டும். பாதைதான் சிக்கல் என்றால் எனக்குத் தீர்க்கத் தெரியும். மெக்கானிக்கல் டிப்ளமோ அதற்குத்தான். நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்பை நண்பன் புகழேந்தியிடம் இரவல் வாங்கி, இடப்பக்க சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டேன்.

முதலில் மரத்தில் செய்தேன். முப்பத்தெட்டு கிலோ வந்தது. அப்பாவே நாற்பத்தொன்றுதான், கட்டில் அவரோடு போட்டி போடக் கூடாது. பிரித்துப் போட்டுவிட்டு அலுமினியக் குழாயில் சட்டம் அடித்து, மேலே மெல்லிய ப்ளைவுட். பதினாலு கிலோ. ஆறடி நீளம், இரண்டேகாலடி அகலம். கஞ்சி எதிர்த்து வராமலிருக்கத் தலைப்பக்கம் உயரம். அடியில் இரண்டு இழுப்பறை. ஒன்றில் டயாப்பரும் மூத்திரப் பையும், இன்னொன்றில் மருந்தும் கஞ்சி மாவும். எது எதில் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். உனக்குப் பழக்கமில்லையே.

சோதனைக்கு நானே படுத்தேன். புகழேந்தி உழுத கொல்லையில் ஓட்டினான். "டேய், உயிரோட கீறியா?" என்று கேட்டுக்கொண்டே ஓட்டினான். முதல் தடவை மண்டை இடித்தது. மார்புக்கும் தொடைக்கும் பெல்ட் வைத்தேன். இரண்டாம் தடவை தூங்கிவிட்டேன். அப்பா படுக்கையில் விழுந்த இந்த ஒன்பது மாதத்தில் நான் முழுசாகத் தூங்கிய இருபது நிமிடம் அதுதான்.

உன் இரண்டாவது காரணம்: "பொண்ணு வீட்ல அப்பா கை நனைக்கக் கூடாதுடா, ஊரு சிரிக்கும்." சரி. உன் கூடாரங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டுக்கொடுத்த பத்து நாளும் அப்பா தூக்குச்சட்டியில் நம் வீட்டுச் சோற்றைக் கொண்டுவந்துதான் சாப்பிட்டார். உனக்குச் சிக்கனமான வழக்கம். இப்போதும் அது கெடாது. பக்கவாதம் வந்ததிலிருந்து மூக்குக் குழாய் வழியாகத்தான் கஞ்சி போகிறது. கை நனையவே நனையாது.

திங்கட்கிழமை நான் ஓசூரில் வேலைக்குச் சேர வேண்டும். வந்த வேலை இரண்டை விட்டாயிற்று. மூன்றாவதை விடமாட்டேன். பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் வடிந்து, ரோடும் காலியாகிவிட்டது. ஆகவே:

1. நாளை காலை ஐந்துக்கு அப்பாவுக்குக் கஞ்சி. ஐந்தரைக்கு பெல்ட்.
2. போளூர் வழியாக, பத்து மணிக்குள் உன் வாசல்.
3. நான்கு போல்ட்டைக் கழற்றிக் கட்டிலோடு அவரை இறக்குவேன். கட்டில் உனக்கு.
4. காபி குடிக்க நிற்க மாட்டேன்.
5. எங்கே போகிறோம் என்று நேற்று குழறிக் குழறிக் கேட்டார். "வினோ கூப்ட்டாளா?" என்றார். கூப்பிட்டாய் என்று சொல்லிவிட்டேன். மனுஷன் முகம் அப்படியே மாறிப்போனது. வழி முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டு வருவேன். கதவைத் திறந்து வை, அக்கா.

உன் தம்பி,
பிரசாத்